மெஷினுக்குப் பல் விளக்கியவன்

அவன் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெற்ற பிள்ளைகளையே பெயர் மாற்றிக் கூப்பிடுகிற வயது வந்துவிட்டது, ஆனாலும் அவன் பெயர் எனக்கு மாறவில்லை. எந்தத் தப்பு நடந்தாலும் யார் பெயரையும் வாயால் சொல்லாத ஆள் அவன். அப்படிப்பட்டவன் பெயரை நான் மட்டும் ஊருக்குச் சொல்வது சரியாக இருக்காது. தம்பி என்றே சொல்கிறேன். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கிள்ளானில் மேரு போகிற சாலையில் இருந்தது எங்கள் மரப்பட்டறை. கதவு, சன்னல், அலமாரி, படிக்கட்டு எல்லாம் செய்வோம். இழைத்து வந்த பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. முப்பத்தோரு வருஷம் தேய்த்தேன். நான் தேய்த்த பலகையில் கை வைத்துப் பார்த்துக் குறை சொன்னவர் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பழைய முதலாளி வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, இந்தம்மா கை பட்ட மரத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும் என்பார். அவர் போன பிறகு மகன் நடத்தினார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் பாஸ். அரைக்கால் சட்டையில் அவரைப் பார்த்தவள் என்பதால் எனக்கு மட்டும் சின்னவர்.

தம்பி ராமநாதபுரம் பக்கத்து ஆள். வேலைப் பெர்மிட்டில் கடல் தாண்டி வந்தவன். முப்பது வயது இருக்கும். வந்த அன்று அவன் சட்டைப்பையில், மற்றவர்கள் பேனா வைத்திருப்பதுபோல, பல் விளக்கும் பிரஷ் ஒன்று இருந்தது. விமானத்தில் வந்த பிள்ளை, இன்னும் வாய்கூடக் கொப்பளிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவன் சிரித்தான்.

"எனக்கில்லக்கா. மெஷினுக்கு."

என் வயதுக்கு அவன் அம்மா என்று கூப்பிட்டிருக்கலாம். அக்கா என்றான். எனக்கு அது பிடித்திருந்தது.

மெஷினுக்கு ஏது பல் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் பலகையை ஒரே கனமாக இழைத்துத் தள்ளுகிற பெரிய பிளேனர் ஒன்று உண்டு. முன்பு அதன் உருளையில் மூன்று நீளக் கத்திகள் இருந்தன. மழுங்கினால் கழற்றி ஷா ஆலத்துக்குச் சாணை பிடிக்க அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சின்னவர் அதை எடுத்துவிட்டுப் புது உருளை வாங்கிப் போட்டார். அதில் நீளக் கத்தி இல்லை. உருளையைச் சுற்றிக் கொடி படர்ந்ததுபோலக் கட்டைவிரல் நகம் அளவில் சதுரத் துண்டுகள், நூற்றுக்கும் மேல். கார்பைடு என்பார்கள். நாங்கள் பல் என்போம். ஒவ்வொரு பல்லுக்கும் நாலு பக்கமும் கூர் உண்டு. மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பொடியாக எண் போட்டிருக்கும். ஒரு பக்கம் மழுங்கினால் நடுவில் உள்ள ஸ்குருவைக் கழற்றி, பல்லைக் கால் சுற்றுத் திருப்பி, அடுத்த கூரை வெளியே வைக்கலாம். நாலும் தீர்ந்தால்தான் புதுப் பல் வேண்டும்.

கேட்க லேசாகத்தான் இருக்கும். தம்பிக்கு முன்னால் இருந்தவர் அப்படி லேசாக நினைத்துத்தான் திருப்பிப் போட்டார். பலகை வரிவரியாக வெளியே வந்தது. வரி விழுந்தால் மெஷினுக்கு வலிக்காது, என் தோளுக்கு வலிக்கும்.

தம்பி அந்த வேலையில் இறங்கினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் மெஷினை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, அந்த ஒயர் நுனியைத் துண்டு போடுவதுபோலத் தன் தோளில் போட்டுக்கொள்வான். ஒயர் அவன் தோளில் இருக்கும்வரை வேறு யாரும் தெரியாமல் சொருக முடியாதல்லவா. பிறகு காற்றடிப்பான். பல்லைக் கழற்றுவான். மரப்பிசினைக் கரைக்கிற மருந்தில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் நாலு பக்கமும் தேய்ப்பான். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தையும் தேய்த்து, துணியால் துடைத்து, கடைசியில் விரல் நுனியால் தடவிப் பார்ப்பான்.

"அடியில ஒரு முடி கிடந்தாலும் பல்லு தூக்கிக்கும்க்கா. தூக்கின பல்லு பலகையில கோடு கிழிக்கும். இல்லன்னா அதுவே வெடிச்சிரும்" என்று ஒருமுறை சொன்னான். கார்பைடு இரும்பைவிடக் கெட்டி, ஆனால் கண்ணாடிக் குணம் உள்ளது. கைதவறி சிமெண்டுத் தரையில் விழுந்தாலே மூலை போய்விடும். அதனால் ஸ்குருவையும் பலத்தைக் காட்டி முடுக்க மாட்டான். அளவான முடுக்கு வந்ததும் டக் என்று சத்தம் போடுகிற சாவி ஒன்று வைத்திருந்தான். அந்தச் சத்தத்துக்கு மேல் ஒரு மயிரிழை போக மாட்டான்.

என் தோளுக்கு நல்லது என்று நானும் பக்கத்தில் போய் நிற்பேன். ஒரு நாள் துணியை என் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து உருளையின் இடது கோடி என்னுடையது என்று ஆயிற்று. நான் பள்ளத்தைத் துடைத்து, எண்ணைப் பார்த்துப் பல்லை வைத்து, ஸ்குருவை விரலால் திருகி நிறுத்துவேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும், எண் நன்றாக வரும். அவன் பின்னால் சாவியோடு வந்து முடுக்குவான். நான் வைத்ததை அவன் திரும்ப எடுத்துப் பார்த்ததே இல்லை. அதிலும் எனக்கு ஒரு பெருமை.

சரி, அவன் குணத்துக்கு வருகிறேன். ஒன்று கெட்டுப்போனால் நாமெல்லாம் முதலில் என்ன கேட்போம்? யார் செய்தது என்று கேட்போம். அவன் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்ன ஆச்சு என்று கேட்பான். அதோடு சரி.

ஒரு சமயம் பழைய வீட்டை இடித்த மரம் கொஞ்சம் வந்தது. அந்த மாதிரி மரத்தை மெஷினில் விடுவதற்கு முன்னால் காந்தத்தைத் தடவி ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரோ பார்க்காமல் தள்ளிவிட்டார்கள். உள்ளே ஆணி. ஏழு பல் மூலை உடைந்து போயிற்று. சின்னவர் ஓடிவந்து யார் தள்ளியது என்று கேட்டார். ஆறு பேர் ஆறு பக்கம் பார்த்தோம். தம்பி உருளைக்குள் குனிந்தபடியே சொன்னான்.

"ஆணி, பாஸ்."

"ஆணியா லா தள்ளுச்சு?"

"ஆணிதான் பாஸ் ஒடச்சது. தலை இல்லாத ஆணி. அதான் யாரு கண்ணுலயும் படல."

அன்று மத்தியானமே அந்தக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மெஷின் வாயில் தொங்கவிட்டான். கையால் அதை ஒதுக்காமல் பலகையை உள்ளே விட முடியாது. அதற்குப் பிறகு ஆணி போகவே இல்லை. தள்ளியவர் யார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவர் தம்பிக்கு ரொட்டி சானாய் வாங்கிவந்து வைத்தார். எதற்கு என்று அதையும் கேட்காமல் தம்பி சாப்பிட்டான்.

அவனுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதமே இங்கே வந்துவிட்டான். ஊரில் அவன் மனைவி நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள். இவன் அனுப்புகிற பணத்தில்தான் அந்தப் படிப்பு ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் போனில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவான். அவள் பாடம் ஒப்பிப்பாள், இவன் புரிந்த மாதிரி தலையாட்டுவான். எலும்பு பெயரெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எவனாவது முட்டியில் இடித்துக்கொண்டால் அந்த எலும்புக்கு இங்கிலீஷில் பெயர் சொல்லுவான். "அவ படிச்சு முடிச்சிட்டா நான் பெட்டியக் கட்டிருவேன்க்கா" என்பான். படிப்பு பாதியில் நின்றுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவனுக்கு இருந்த பயம். அந்தப் பயத்தை அவன் மறைத்ததும் இல்லை.

படிக்கிற இடத்தில் வெள்ளைச் செருப்பு வேண்டுமாம், முன்பக்கம் மூடினது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனோடு ரயில் ஏறிப் போனேன். அவள் பாத அளவை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு ஊரிலிருந்து வந்தவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த நூலை வைத்து அளந்து வாங்கிப் பார்சலில் அனுப்பினோம். பத்து நாள் கழித்துப் படம் வருகிறது, இரண்டும் இடது கால். அவள் அதைப் போட்டுக்கொண்டு நின்று சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தப் பயல் கட்டினான் என்று கேட்டு அவனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று தம்பியையும் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைக்குள் நுழைந்ததும் என்னை முந்திக்கொண்டு தம்பி பேசினான்.

"அண்ணே, ரெண்டு இடது கால் ஊருக்குப் போயிருச்சு. அப்ப ரெண்டு வலது கால் இங்க இருக்கணும்ல. கொஞ்சம் தேடிப் பாருங்களேன்."

கடையே சேர்ந்து தேடியது. கிடைத்தது. ஒரு வலது காலை அவர்கள் செலவிலேயே அனுப்பி வைத்தார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாயிற்று.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. தம்பியும் அவனைப்போல பெர்மிட்டில் வந்த மற்றவர்களும் தங்கியிருந்த அறையில் யாரோ அவன் ஆக்கி வைத்த மீன் குழம்பைத் தின்றுவிட்டார்கள் என்று தெரிந்து, நானே ஒவ்வொருவன் வாயையும் மோந்து பார்க்காத குறையாக விசாரித்தேன். அவன், பசித்தவன் தின்றிருப்பான் என்று விட்டுவிட்டான். உனக்குக் கோபமே வராதா என்று கேட்டேன்.

"வரும்க்கா. யாருன்னு தெரிஞ்சா நாள் பூரா அவன் மேலயே கோவமா இருப்பேன். அப்புறம் மெஷின யாரு பாக்குறது?"

இந்தக் குணத்தை நான் அப்போது மெச்சவில்லை. விவரம் போதாதவன் என்றுதான் நினைத்தேன். இப்படியே போனால் ஒரு நாள் இவன் தலையில் எவனாவது மிளகாய் அரைத்துவிட்டுப் போவான் என்று பயந்தேன். கடைசியில் அரைத்தது நான்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூசையை விடாமல் செய்வோம். பழைய முதலாளி வைத்துவிட்டுப் போன வழக்கம். எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று முழுக்க ஓட்டாமல் ஓய்வு கொடுப்போம். மறுநாள் விஜயதசமி காலையில் முதல் பலகையை இழைத்து வேலையைத் தொடங்குவோம். பொட்டு வைப்பது என் பொறுப்பு. பன்னீரில் சந்தனம் குழைத்து மோதிர விரலால் வைப்பேன். ரம்பம், துளைபோடும் மெஷின், லோரி, சின்னவர் நாற்காலி வரைக்கும் என் கைப் பொட்டுதான். தம்பி துலுக்க வீட்டுப் பிள்ளை. மெஷினைத் துடைப்பதை மற்ற எல்லோரையும்விட நன்றாகத் துடைத்துக் கொடுப்பான். தீபாராதனை நேரத்தில் லோரி பக்கம் போய் நிற்பான். முடிந்ததும் வந்து ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொள்வான். யாரும் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வருஷம் பிளேனர் பற்கள் ஒரு பக்கம் தீர்ந்திருந்தன. பூசையை ஒட்டித் திருப்பிப் போட்டுவிடலாம் என்று தம்பி எல்லாப் பல்லையும் கழற்றித் தேய்த்துத் தட்டில் அடுக்கிவிட்டான். பள்ளங்களையும் துடைத்து உருளையைத் துணியால் மூடினான். மறுநாள் காலையில் மாட்டிவிட்டு முதல் பலகை விடுவதாக ஏற்பாடு. நான் சந்தனக் கிண்ணத்தோடு தட்டுக்கு வந்தேன்.

"பல்லுல வேணாம்க்கா. தட்டு ஓரத்துல வைங்க" என்றான், பணிவாகத்தான்.

வைத்தேன். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பொட்டு இல்லாத ஆயுதத்துக்கு எதற்குப் பூசை? இத்தனை வருஷம் வைத்த கைக்கு நேற்று வந்த பிள்ளை இடம் காட்டுகிறானா? அவன் லோரி பக்கம் போனதும் துணியைத் தூக்கினேன். உருளையின் இடது கோடியில், என் பக்கத்தில், கை எட்டிய பதினோரு பள்ளத்தில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்து மூடிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் காலையில் அதைத் துடைத்திருக்க வேண்டும். துடைக்கத் துணியும் என் கையில்தான் இருந்தது. விஜயதசமி காலையில், சாமிக்கு முன்னால் வைத்த சந்தனத்தை மருந்து நாற்றம் அடிக்கிற துணியால் வழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. முடிதானே கூடாது என்றான், தூசிதானே கூடாது என்றான், இது சந்தனம், உள்ளே இருந்தால் மெஷினுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்து, பதினோரு பல்லையும் அந்தப் பொட்டின் மேலேயே என் கையால் வைத்தேன். தம்பி பின்னால் வந்து டக், டக் என்று முடுக்கிக்கொண்டு போனான்.

அன்று ஓடியது மெர்பாவ் மரம். செராஸில் ஒரு வீட்டுக்குப் படிக்கட்டுப் பலகைகள். ஒரு முகம் பூசைக்கு முன்பே இழைத்தாகிவிட்டது. இன்னொரு முகத்தைச் சரியான கனத்துக்கு இழைத்து எடுத்தால் முடிந்தது. அதற்கு மேல் ஒரு நூல்கூட எடுக்க முடியாது, படி மெலிந்துவிடும். முதல் பலகை என் மேசைக்கு வந்தது. உள்ளங்கையை வைத்து இழுத்தேன். இடது ஓரத்தில் என் கை தட்டியது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். மெல்லிய பள்ளம், அடுத்து இன்னொன்று, நீளத்துக்கும்.

அப்போதே நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேய்த்து எடுத்துவிடலாம் என்று தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்க அடுத்த பலகை வந்தது, அதற்கு அடுத்தது வந்தது. தோள் பிய்ந்து போகிற மாதிரி தேய்த்தேன். பள்ளம் போகவில்லை. பாதிக்கு மேல் பலகை ஓடிவிட்டது. பிறகு மெஷினுக்குள் கல் எறிந்ததுபோல ஒரு சத்தம். தம்பி நிறுத்தினான். ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தான். இடது கோடியில் ஒரு பல் இரண்டாக வெடித்திருந்தது.

அவன் அந்தப் பாதிப் பல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினான். விரலைப் பார்த்தான். பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

சின்னவர் வந்து பலகைகளைத் தடவிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. யார் மாட்டியது என்று கேட்டார்.

"நான்தான் பாஸ் முடுக்கினேன்" என்றான் தம்பி. அது பொய்யில்லை. பிறகு, பலகையைத் திருப்பிப் போட்டால் நல்ல முகம் மேலே வரும், கோடு விழுந்த முகத்தைப் படிக்கு அடியில் பிளைவுட் அடித்து மூடிவிடலாம், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று யோசனை சொல்ல ஆரம்பித்தான். சின்னவர் காதில் அது ஏறவில்லை.

"உன் பெர்மிட்டு இந்த மாசம் முடியுது, தெரியும்தானே? காகிதம் என் மேசையில கிடக்கு. இப்படி வேலை பாக்கிறவனுக்கு நான் ஏன் லா கையெழுத்துப் போடணும்?"

மெஷினை அவன் தொடக் கூடாது என்றார். மறுநாள் ஷா ஆலத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார் என்றார். தம்பி சரி பாஸ் என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துச் சீவல் கூட்டப் போனான். என்னைத் தாண்டும்போது மட்டும் நின்றான்.

"மெதுவா தேய்ங்கக்கா. தோள் வலிக்கும்."

பேசாமல் வீட்டுக்குப் போனேன். முப்பத்தோரு வருஷத்துப் பெயர் என் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. இன்னொன்றும் எனக்குத் தெரிந்தது. மறுநாள் வருகிற ஆள் பல்லைக் கழற்றுவார், சந்தனம் வெளியே வரும். துடைக்காமல் முடுக்கியவன் அவன்தான் என்று பழி இன்னும் இறுகும். பட்டறையில் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனாலும் நாலு வாய் நாலு விதமாகப் பேசும். பூசைச் சந்தனத்தை அவன் வேண்டுமென்றே அப்படி அமுக்கினான் என்றுகூட ஒருவன் சொல்லிவிடுவான். அதைச் சொன்ன பிறகு எந்த மருந்தைப் போட்டும் தேய்க்க முடியாது. ஊரில் ஒருத்தி எலும்புக்குப் பெயர் படித்துக்கொண்டிருக்கிறாள்.

காலையில் முதல் ஆளாகப் போய்ச் சின்னவர் அறைக்குள் நுழைந்தேன். பெர்மிட்டுக் காகிதம் மேசையில்தான் கிடந்தது.

"சின்னவரே, அந்தப் பல்லுக்கு அடியில சந்தனம் வச்சது நான். தொடைக்காம மாட்டுனதும் நான்."

அவர் சிரித்தார். "அக்கா, உங்களுக்கு அவன் மேல பாசம். எனக்குத் தெரியும் லா. அதுக்காக நீங்க பழிய ஏத்துக்குவீங்களா?"

"பழி இல்ல. நான் செஞ்சது."

"உங்க வேலையில குறைன்னு ஒண்ணு எங்கப்பா காலத்துலயே வந்ததில்ல. போங்க, தேத்தண்ணி குடிங்க."

நல்ல பெயர் எடுப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன். அன்று அந்தப் பெயரே எனக்குக் குறுக்கே நின்றது. நான் சொல்வதை நம்பவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாங்க என்று அவரை மெஷினுக்குக் கூட்டிப்போனேன். ப்ளக்கைப் பிடுங்கி ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டேன். துடைப்பத்தோடு நின்ற தம்பி ஓடிவந்தான், நான் பேசாமல் இரு என்று கையைக் காட்டினேன். அவன் சாவியை எடுத்தேன். முதல் ஸ்குரு அசையவில்லை. இரண்டாவது வந்தது. பல்லை எடுத்துத் திருப்பி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அடியில் சந்தனம் சுண்ணாம்பாக இறுகி, நடுவில் குங்குமம் அப்படியே சிவப்பாக இருந்தது. பள்ளத்திலும் அதே பொட்டு. அடுத்த பல், அதற்கும் அதே அளவு, அதே இடம். நாலு பல் எடுத்துக் காட்டினேன்.

"இந்தப் பட்டறையில பொட்டு வைக்கிற கை யாரோடது? லோரிக்கு வச்சது யாரு? உங்க நாற்காலியப் போய்ப் பாருங்க. இதே பொட்டுத்தான் இருக்கும்."

சின்னவர் கையில் இருந்த பல்லைப் பார்த்தார். பூசைச் சந்தனம் என்று தெரிந்ததும், பழக்கம் போகுமா, கோபத்துக்கு முன்னால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் கோபம் வந்தது. நேற்று ஏன் சொல்லவில்லை என்றார். வெட்கமாக இருந்தது என்றேன். அதோடு என்னை விட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் லா சொல்லல? உனக்குத் தெரியும்தானே?"

"சந்தனம்னு தெரியும் பாஸ்."

"யாருன்னு?"

"நான் கேக்கல பாஸ்."

சின்னவர் போய் ஷா ஆலத்து ஆளுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார். செராஸ் வீட்டுக்காரருக்கும் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்ள அவரிடம் சம்மதம் வாங்கினார். பிறகு பெர்மிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்து தம்பியிடம் கொடுத்தார். என்னிடம், அடுத்த பூசைக்குப் பொட்டு மெஷின் மூடிக்கு மேலேதான் என்றார். சரி என்றேன். மனைவி படித்து முடித்த பிறகு அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய், இப்போது நாலு வருஷம் ஆகிறது. போகும்போது அந்தப் பிரஷ்ஷையும் கொண்டுபோய்விட்டான், ஊரில் எந்த மெஷினுக்கோ.

ஆனால் நான் சொல்ல வந்தது, கையெழுத்து விழுந்த அந்தக் காலையில் சின்னவர் உள்ளே போன பிறகு நடந்ததை. தம்பி காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். முகம் சந்தோஷமாக இல்லை.

"உங்க பேரை ஏன்க்கா சொன்னீங்க?"

"என் பேரைத்தானே சொன்னேன். உன் பேரையா சொன்னேன்?" என்றேன். எனக்கும் வாய் உண்டு.

அவன் எல்லாப் பல்லையும் மறுபடி கழற்றினான், வலது கோடியில் ஒரு குறையும் இல்லாததையும் சேர்த்து. ஊறவைத்துத் தேய்த்தான். காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை. மூங்கில் சீவலால் சுரண்டி எடுத்தான், ஏசிக்கொண்டு இல்லை, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே. மாட்டுகிற நேரம் வந்ததும் நான் என் மேசைக்குப் போய்விட்டேன். இனி அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியாதா? அவன் பின்னாலேயே வந்து துணியை என் முன்னால் நீட்டினான்.

போனேன். அதே இடது கோடி. ஒரு பள்ளத்தைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். விரலால் தடவினேன். எண்ணைப் பார்த்துப் பல்லை வைத்தேன். அவன் சாவியோடு வந்தான்.

"எடுத்துப் பாத்துட்டு முடுக்கு தம்பி."

"நீங்க பாத்தாச்சுல்லக்கா" என்று சொல்லி, குனிந்துகூடப் பார்க்காமல் முடுக்கினான்.